புகையாத ஆசிட்

கலைவாணிக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கை சுத்தம் என்று சொல்வதும் அதே ஊர்தான். ஒன்றைச் சொல்லும்போது மற்றதை வசதியாக மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

புதூர்நாட்டுத் தார்ச்சாலையை விட்டு உள்ளூருக்கு மண்பாதை பிரிகிற இடத்தில் அவளுடைய தகரக்கொட்டகை இருந்தது. ஜீப், டிராக்டர், வீட்டு இன்வெர்ட்டர் என்று எந்தப் பேட்டரி படுத்துவிட்டாலும் அங்கேதான் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மலையிறங்க வேண்டும். புடவைக்கு மேல் கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வேலை செய்வாள். சட்டையெங்கும் ஆசிட் தெறித்த ஓட்டைகள். கணவன் விஜயராஜ் குடகில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருக்கிறான். வரும்போதெல்லாம் ஒரு சட்டை குறைகிறது என்று அலுத்துக்கொள்வான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேதியியல் மட்டும் தித்திப்பாக இருந்தது. அதிலும் ஒரு நாள் மறக்கவே மறக்காது. ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு அமிலம் என்று இரண்டு குவளைகளை டீச்சர் மேசையில் வைத்தார். ஒன்றில் வினிகர் அமிலம், மற்றதில் ஹைட்ரோகுளோரிக். ஒயரை நனைத்தால் ஒன்றில் பல்பு மினுக்கென்றது, மற்றதில் பளீரென்றது. அமிலத்தின் பலம் எவ்வளவு ஊற்றினோம் என்பதில் இல்லை, தண்ணீரில் விழுந்ததும் அதில் எத்தனை பங்கு பிரிந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது என்றார் டீச்சர். கல்லூரியில் ஓராண்டுக்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. திருப்பத்தூரில் ஒரு பேட்டரிக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவள், உள்ளே எட்டிப் பார்த்து, கேள்வி கேட்டு, திட்டு வாங்கி, தொழிலைக் கற்றுக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். பொம்பளை நடத்துகிற பேட்டரிக் கடை என்று சிரித்தவர்கள் எல்லாம் பிறகு அவளிடமே வந்தார்கள். வந்தார்களே தவிர, சிரித்ததற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கொட்டகை நின்றது ஊர்ப் பொது இடத்தில். ஊர் சரி என்று சொல்லிக் கொடுத்த இடம். ஊர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். பின்னால் அவளுக்கு வந்த வினை இதில்தான் இருந்தது.

ஊருக்கு இருந்த ஒரே ஜீப் அருணகிரியுடையது. அதன் பேட்டரி கிழடு தட்டிப்போய் மாதக்கணக்காகிவிட்டது.

"தகடெல்லாம் உதுந்து போச்சுண்ணா. ஆசிட்ட மாத்தி இன்னா ஆவப்போவுது? புதுசு வாங்கிடு" என்றாள் கலைவாணி.

"நீ புது ஆசிட்ட ஊத்தி சார்ஜ் போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

ஊற்றிக் கொடுத்தாள். சில நாள் ஓடியது. அப்புறம் பழைய கதைதான். அருணகிரி மறுபடி அவளிடம் வரவில்லை. வராததை அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பேட்டரி மறுபடி படுத்த கோபம் தணிந்ததும் வருவான் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம்தான் மணிவேலின் மருமகள் சுவேதாவுக்கு இடுப்புவலி கண்டது. அவள் கணவன் நவீன்குமார் ஓடிப்போய் ஜீப்பை எடுக்கச் சொன்னான். சாவியைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பள்ளத்தில் நின்ற வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள், மேட்டில் ஏறவில்லை. கடைசியில் போர்வையை மூங்கிலில் கட்டி, டோலியாகத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு ஓடினார்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் முன்பே, வழியில் ஒரு பாறை மறைவில், குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிழைத்ததில் ஊருக்கு எவ்வளவு நிம்மதியோ அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"கலைவாணி ஊத்துன ஆசிட்டுதான் சரியில்ல. தண்ணிய கலந்து ஊத்திருக்கா" என்றான் அருணகிரி. ஊர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாமை அடிக்கிற பாறைக் களத்தில் சபை கூடியது. நடுவில் ஊர்க்கவுண்டர் கோவிந்தன். கலைவாணிக்கு முறையில் மாமா. நல்ல மனிதர்தான். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் ஓர் அங்குலம் நகரமாட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சபை யாரைக் கூப்பிட்டாலும் அவர் முதலில் சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். எழுந்த பிறகுதான் பேச வேண்டும். தப்பு செய்தவரும் விழுவார், செய்யாதவரும் விழுவார். ஏன் என்று கேட்டால் எல்லோரும் விழுந்தார்கள், நீயும் விழு என்பார்கள். அதற்கு மேல் யாரிடமும் பதில் கிடையாது.

"விழுந்து எழுந்து பேசும்மா" என்றார் கோவிந்தன்.

கலைவாணி நின்றாள்.

"மொதல்ல விஷயத்த பேசலாம் மாமா. தப்பு எம்மேலன்னா அப்புறமா விழறேன். இப்பவே விழுந்துட்டா தப்ப ஒத்துக்கினு பேசற மாரி ஆயிடும்."

களத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. பெண்கள் பக்கம் இருந்த மாமியார் அம்மாக்கண்ணு எழுந்து வந்து அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விழுந்து தொலையேன்டி. மண்ணு இன்னா ஒட்டிக்கவா போவுது? வூட்டுக்கு வந்து குளிச்சுக்கலாம்."

"நீங்க போய் உக்காருங்க அத்த."

மணிவேலுக்குப் பொறுக்கவில்லை. "எம் மருமவ ரோட்டுல பெத்தாடி! உனுக்கு இன்னா இவ்ளோ திமிரு?" என்று துண்டை உதறி எழுந்தார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அது அவளைச் சுட்டது. "சுவேதாவுக்கு ஒன்னு ஆயிருந்தா எனுக்கும் சோறு எறங்காது சித்தப்பா. ஆனா நான் பண்ணாத தப்புக்கு நான் விழ மாட்டேன்" என்றாள்.

அப்போது அருணகிரி எழுந்து தன் வாதத்தை வைத்தான். அதில் பொய் இல்லை. அவன் நம்பியதைத்தான் சொன்னான்.

"இவ ஊத்துன ஆசிட்ட மூடி தொறந்து பாத்தேன். ஒரு பொகை கூட வரல. வாசன கூட இல்ல. நல்ல ஆசிட்டுன்னா மூஞ்சில அடிக்க வேணாவா? அதுல பலம் இன்னா கீது?"

பலர் தலையை ஆட்டினார்கள். புகைவது காரம், கண் எரிவது காரம், நாக்கு கூசுவது காரம். மலையில் எதையும் அப்படித்தான் அளப்பார்கள். கலைவாணிக்கோ ஒரு சொல் மட்டும் நெருடியது. நல்ல ஆசிட் புகையும் என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? பேட்டரி ஆசிட் சல்ஃப்யூரிக். அந்தக் கலப்பில் அது சும்மா கிடந்து புகையாது.

"உன் பேட்டரிய கொண்டாண்ணா. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் தயங்கினான். கோவிந்தன் ஒரு பார்வை பார்த்ததும் போய்க் கழற்றிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்ததும் வெள்ளையாக மெல்லிய புகை எழுந்தது. மூக்கில் ஊசி குத்துவது போல ஒரு நெடி, அதற்கு அடியில் பிளீச்சிங் பவுடர் வாடை. கலைவாணிக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

"இது என் ஆசிட் இல்ல. இது பாத்ரூம் கழுவுற ஆசிட்டு."

"நீ ஊத்துனதுதான் இது!" என்று கத்தினான் அருணகிரி. கத்தும்போது அவன் கண் தரையில் இருந்தது. சற்று முன்பு புகையே வரவில்லை என்று சொன்னவன் அவன்தான் என்பது அந்தக் கூச்சலில் யாருக்கும், அவளுக்குமே, உறைக்கவில்லை.

கடைக்குப் போய்த் தன் ஆசிட் கேன், ஒயர், ஒரு சின்ன பல்பு, சார்ஜ் ஏறிய ஒரு பேட்டரி, கண்ணாடி டம்ளர்கள் எல்லாவற்றையும் தூக்கி வந்தாள். மாமியாரிடம் கொஞ்சம் புளி கரைத்து வரச் சொன்னாள். "சபைல ரசம் வெக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே அம்மாக்கண்ணு கரைத்து வந்தாள்.

மூன்று டம்ளர். ஒன்றில் புளித்தண்ணீர். ஒன்றில் தண்ணீர் விட்டு அதில் தன் ஆசிட். இன்னொன்றில் அதே போல அருணகிரி பேட்டரியில் இருந்து எடுத்தது. புளித்தண்ணீரில் ஒயரை நனைத்தாள். பல்பின் கம்பி லேசாகச் சிவந்ததோடு சரி. தன் ஆசிட்டில் நனைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. வெயிலிலும் கண்ணுக்குத் தெரிந்தது.

"பாத்தீங்களா? பொகையல, ஆனா எரியுது. பலம் இல்லாத ஆசிட்டுல இப்படி எரியாது."

ஊர் எக்கிப் பார்த்தது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வேகத்தில், யோசிக்காமல், ஒயரை மூன்றாவது டம்ளரிலும் வைத்துவிட்டாள். அதுவும் அதே போலப் பளிச்சென்று எரிந்தது.

களம் கொல்லென்று சிரித்தது. "ரெண்டும் ஒன்னுதானே! அப்போ அவன் சொன்னதுதான் சரி, உன் ஆசிட்டுதான் இது!" என்றார் மணிவேல்.

காது சுட்டது கலைவாணிக்கு. தப்பு அவளுடையதுதான். அவளுடையது சல்ஃப்யூரிக், பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக், இரண்டும் பலமான அமிலம். பலத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். படித்ததைப் பெருமையாகக் காட்டப் போய், எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டு நின்றாள். கோவிந்தன் தொண்டையைச் செருமினார். அடுத்து அவர் சொல்லப்போவது விழு என்பதுதான். விழுந்தால் கடை போகும், கை சுத்தம் என்ற பேரும் போகும்.

"கொஞ்சம் இருங்க மாமா."

பலம் ஒன்று. அப்படியானால் வேறு எதில் வித்தியாசம்? சுண்ணாம்பு. சுண்ணாம்பில் பட்டால் இரண்டும் வேறு வேறு குணத்தைக் காட்டும். களத்தை ஒட்டி அங்கன்வாடி இருந்தது. அதன் குப்பைக் குழியில் சத்துணவு முட்டை ஓடுகள் கிடந்தன. முட்டை ஓடும் சுண்ணாம்புதானே. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குழியில் இறங்கினாள். ஊரே பார்த்தது. பொறுக்கி, கழுவி, ஒரே அளவாக இரண்டு துண்டு உடைத்து இரண்டு டம்ளரிலும் போட்டாள்.

இரண்டும் நுரைத்தன. "மறுபடியும் ஒன்னுதான்!" என்றது ஒரு குரல்.

"வாய மூடிக்கினு பாருங்க" என்றாள். வாய் நீளம் என்று சொல்வது சும்மா இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் டம்ளரில் நுரை தணிந்தது. ஓட்டின் மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, ஓடு ஓடாகவே கிடந்தது. அருணகிரியின் டம்ளரில் நுரை நிற்கவில்லை. ஓடு மெலிந்தது, ஓரம் கரைந்தது, கடைசியில் உள்ளே இருந்த மெல்லிய தோல் மட்டும் மிதந்தது. கோவிந்தன் எழுந்து வந்து குனிந்து இரண்டையும் பார்த்தார். மணிவேலும் வந்து பார்த்தார்.

"ரெண்டுக்கும் பலம் ஒன்னுதான் மாமா. ஆனா கூட வர்ற சரக்கு வேற. என் ஆசிட்டு பட்ட எடத்துல பொருக்கு கட்டும். அந்தப் பொருக்கு மேல மேல அரிக்க வுடாம தடுக்கும். பேட்டரில இருக்கற ஈயத் தகட்டுக்கும் அதுதான் காவலு. இந்த பாத்ரூம் ஆசிட்டுக்கு அந்தக் கத இல்ல. இது உள்ள போனா தகடு காலி. பொகை வர்றது பலம் இல்ல மாமா, உள்ள இருக்கறது காத்துல ஓடிப்போவுது, அவ்ளோதான்."

எல்லோரும் அருணகிரியைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"ஒடுகத்தூர்ல கடைக்காரன் டைல்ஸ் கழுவறப்போ பாத்தேன். பொகஞ்சுது. பொகஞ்சா பலம் ஜாஸ்தின்னு நெனச்சி, இருந்தத கொட்டிட்டு அத்த ஊத்துனேன். வண்டி நல்லா ஓடும்னுதான்…" சபை சொல்லும் முன்பே விழுந்தான். விழுந்து மணிவேலின் காலையும் தொட்டான்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கோவிந்தன் சொன்னார். "சரி. தப்பு உம்மேல இல்ல. சபை ஒத்துக்குது. இப்போ கூப்ட மரியாதைக்கு ஒரு தபா விழுந்துட்டு போ."

கலைவாணி தன் காதையே நம்பாதவளாக அவரைப் பார்த்தாள். "தப்பு எம்மேலன்னா விழறேன்னு சொன்னேன் மாமா. இல்லன்னு இப்போ நீங்களே சொல்லிட்டீங்க. எதுக்கு விழணும்?"

"வழக்கம்மா. எங்கப்பன் விழுந்திருக்காரு. நான் விழுந்திருக்கேன்."

"நான் விழ மாட்டேன்."

களத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பக்கம் நியாயம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. கோவிந்தனின் முகம் இறுகியது. சபைக்குத் தலை வணங்காதவருக்குச் சபையின் இடத்தில் கடை கிடையாது என்றார்.

"எடம் உங்களுது. எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நடக்கும்போது அழுகை வந்தது. அது துக்கம் இல்லை, ஆத்திரம். அன்றைக்கே கொட்டகையைக் காலி செய்தாள். பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து தன் சாமைக்காட்டு ஓரத்துக்குக் கொண்டுபோனாள். அம்மாக்கண்ணு வழி நெடுக அவளைத் திட்டினாள், திட்டிக்கொண்டே சார்ஜரைத் தலையில் தூக்கி வந்து இறக்கினாள். வீட்டிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, மேலே நீலத் தார்ப்பாய் கட்டி, கடை மறுபடி நடக்கத் தொடங்கியது.

நடக்கத் தொடங்கியது என்று சொன்னேனே தவிர, ஆள் வரவில்லை. கடைக்குப் போகாதே என்று சபை சொல்லவில்லை. சொல்லாமலே யாரும் போகவில்லை. அருணகிரி மட்டும் புது பேட்டரி வாங்கி வந்து, மாட்டிக் கொடு என்று நேராக வந்து நின்றான். மற்றவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அவள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன நேரம் பார்த்து வரப்பில் பேட்டரியை வைத்துவிட்டு நழுவினார்கள். எது யாருடையது என்று அவளுக்குப் பார்த்ததும் தெரியும். சார்ஜ் போட்டு வைத்தாள். வாங்கிப்போகச் சின்னப் பிள்ளைகளையும் பெண்டாட்டியையும் அனுப்பினார்கள்.

"யாரு பேட்டரியோ அவங்க வரட்டும். பகல்ல வரட்டும்" என்று திருப்பி அனுப்பினாள்.

அது தேவையா என்று கேட்டாள் மாமியார். தேவைதான் என்றாள். முதலில் நவீன்குமார் வந்தான், அப்புறம் பக்கத்துக் காட்டு ரங்கன் வந்தார். வந்து நின்று, இரண்டு வார்த்தை பேசி, வாங்கிப் போனார்கள். கோடை மழை பெய்து உழவுக்கு ஈரம் வந்தபோது கோவிந்தனின் டிராக்டர் பேட்டரியும் வரப்புக்கு வந்தது. டிரைவர் வந்து கேட்டான். மாமாவை வரச் சொல் என்றாள்.

ஈரம் காத்திருக்காது. உச்சி வெயிலில் கோவிந்தனே வந்தார். தார்ப்பாய்க்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

வந்தார். டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அன்னிக்கி புளித்தண்ணில பல்பு எரியலியே. நாக்குல வெச்சா அப்படி கூசுது. அது எப்படி?" என்றார். இத்தனை நாளாக மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"புளில ஆசிட்டு நெறைய கீது மாமா. ஆனா தண்ணில விழுந்தா கொஞ்சந்தான் முன்னாடி வரும். மிச்சதெல்லாம் ஒட்டிக்கினு உள்ளயே உக்காந்துக்கும். களத்துல அன்னிக்கி உக்காந்திருந்தாங்களே, அந்த மாரி."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்படவில்லை.

"பழைய எடத்துக்கே வந்துடேன். இங்க வெய்யில் கொளுத்துது."

"விழணுமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ எனுக்கு இங்கயே சவுரியம். இந்தாங்க, உங்க பேட்டரி ரெடி. சுத்தமான தண்ணி மட்டும் ஊத்துங்க, ஆசிட்டு ஊத்தாதீங்க."

அவரே தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

ஆடி மாதம் மறுபடி சபை கூடியது. இந்த முறை கூப்பிடப்பட்டவர் மணிவேல். அவர் ஆடுகள் ரங்கனின் சாமையை மேய்ந்துவிட்டன என்று வழக்கு. ஆடு தன்னுடையது இல்லை என்பது அவர் கட்சி. கலைவாணி பெண்கள் பக்கத்தில், பின்வரிசையில், நின்றுகொண்டிருந்தாள். மணிவேல் வழக்கம் போல வேட்டியை மடித்து, கை இரண்டையும் முன்னால் நீட்டி, விழுவதற்குக் குனிந்தார்.

"விழறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கோவிந்தன். "மொதல்ல விஷயத்த சொல்லு."

பாதி குனிந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்தார். நின்றுகொண்டு பேசிப் பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பதென்று புரியாமல், வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"சத்தமா சொல்லு சித்தப்பா" என்றாள் கலைவாணி பின்னாலிருந்து. "இங்க கேக்கல."